எட்ஜ் பேண்டர் ட்ரிம்மிங் மோட்டார்: வேகத்தைக் குறைத்த பிறகும் சூடு கூடுவது ஏன்?

கேள்வி (கோவை, மாடுலர் கிச்சன் பட்டறை)

அனைவருக்கும் வணக்கம். சமையலறை அலமாரிகளுக்கான பலகைகளை அளவுக்கு வெட்டி, விளிம்பு ஒட்டிக் கொடுக்கும் சிறு பட்டறையைக் கோவையில் நடத்தி வருகிறேன். எங்களிடம் உள்ள தானியங்கி எட்ஜ் பேண்டரில் (பலகை விளிம்பில் பட்டை ஒட்டும் இயந்திரம்), பலகையின் மேலும் கீழும் துருத்தி நிற்கும் பிவிசி பட்டையைச் சீவுவதற்கு 0.75 கிலோவாட் ஸ்பிண்டில் மோட்டார்கள் இரண்டும், பட்டையின் முன்முனையையும் பின்முனையையும் வெட்டுவதற்கு 0.37 கிலோவாட் மோட்டார்கள் இரண்டும் உள்ளன. நான்கின் நேம் பிளேட்டிலும் 380 வோல்ட், 200 ஹெர்ட்ஸ், 12,000 ஆர்பிஎம் (நிமிடத்துக்குச் சுற்றுகள்) என்றே பொறித்திருக்கிறது. நான்கும் ஒரே விஎஃப்டி டிரைவிலிருந்து (அதிர்வெண்ணை மாற்றி மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி) ஓடுகின்றன.

பழைய டிரைவ் பழுதானதால், மின்பணியாளர் ஒருவர் 3.7 கிலோவாட் திறனுள்ள புதிய டிரைவைப் பொருத்தினார். அன்று முதல் மோட்டார்கள் புறப்படும்போது உறுமலான ஓசை வருகிறது. முதலில் சில முறை மின்னோட்டம் மிகுந்துவிட்டதாகக் காட்டி டிரைவ் நின்றது. புறப்படும் நேரத்தை 30 விநாடியாக நீட்டிய பிறகு அவ்வாறு நிற்பதில்லை. ஆனால் மேல் ட்ரிம்மிங் மோட்டார், அதாவது மேல்பக்கப் பட்டையைச் சீவும் மோட்டார், கை வைக்க முடியாத அளவுக்குச் சூடானது. சூட்டைக் குறைப்பதற்காக 200 ஹெர்ட்ஸை 150 ஆக இறக்கினோம். சூடு குறைவதற்குப் பதிலாக இன்னும் கூடியது. இறுதியில் அந்த மோட்டாரின் வைண்டிங் எரிந்துபோனது. புதிதாக காயில் கட்டி வாங்கி மாட்டிய பிறகும் சூடு அப்படியே இருக்கிறது. அத்துடன் 2 மி.மீ. பட்டையின் ஓரத்தில் நெருக்கமான அலைக்கோடுகளும் தெரிகின்றன. கட்டர் 70 மி.மீ. விட்டமும் நான்கு கார்பைடு பற்களும் கொண்டது. பலகை நிமிடத்துக்கு 12 மீட்டர் வேகத்தில் நகர்கிறது. எங்கள் இயந்திரத்தில் ஸ்க்ரேப்பர் (சீவிய ஓரத்தை மெல்லச் சுரண்டி மழமழப்பாக்கும் கத்தி) இல்லை. சீவியவுடன் நேராக, துணிச் சக்கரத்தால் மெருகேற்றும் பஃப்பிங்தான்.

மோட்டார்களை 18,000 ஆர்பிஎம் வகைக்கு மாற்றினால் இரண்டு குறைகளும் தீரும் என்று ஒரு கடையில் சொல்கிறார்கள். அது உண்மையா? அல்லது காயில் கட்டியதில்தான் குறை இருக்கிறதா? அனுபவமுள்ள ஐயாமார்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி 1 (திருப்பூர், மின்கட்டுப்பாட்டுப் பலகைகள் தயாரிப்பவர்)

வணக்கம். நீங்கள் எழுதியவற்றுள் ஒரு செய்தி காரணத்தை ஏறக்குறைய காட்டிவிடுகிறது. வெட்டும் சுமையால் சூடேறும் மோட்டார், வேகத்தைக் குறைத்ததும் உடனே இவ்வளவு கூடுதலாகச் சூடாவதில்லை. அதிர்வெண்ணுக்குப் பொருந்தாத மின்னழுத்தம் அதற்குப் போகிறது என்றே கருதுகிறேன்.

உங்களுடையவை இரண்டு துருவ மோட்டார்கள். அவற்றின் சுழல்வேகம் அதிர்வெண்ணை 60-ஆல் பெருக்கினால் கிடைப்பது: 50 ஹெர்ட்ஸில் 3,000, 200 ஹெர்ட்ஸில் 12,000, 300 ஹெர்ட்ஸில் 18,000. ஆனால் வேகம் மட்டுமே கணக்கு அன்று. மோட்டாரின் இரும்பு உள்ளகத்தில் எவ்வளவு காந்தப்புலம் உண்டாகிறது என்பதை மின்னழுத்தத்தை அதிர்வெண்ணால் வகுத்த ஈவுதான் தீர்மானிக்கிறது. உங்கள் மோட்டாருக்கு அந்த ஈவு 380-ஐ 200-ஆல் வகுத்த 1.9. இதே ஈவு எல்லா வேகத்திலும் நிலைத்திருக்க வேண்டுமென்றால் 150 ஹெர்ட்ஸில் 285 வோல்ட்டும், 50 ஹெர்ட்ஸில் 95 வோல்ட் மட்டுமே போக வேண்டும்.

நம் நாட்டில் விற்கும் டிரைவ்கள் பெரும்பாலும் 50 ஹெர்ட்ஸ் மோட்டாருக்கான அமைப்புடன் தொழிற்சாலையிலிருந்து வருகின்றன. அவற்றில் அடிப்படை அதிர்வெண் 50 என்று இருக்கும். அதாவது 50 ஹெர்ட்ஸை எட்டும்போதே முழு மின்னழுத்தத்தையும் கொடுத்துவிடும், அதற்கு மேல் அதிர்வெண் மட்டும் ஏறும், மின்னழுத்தம் ஏறாது. உச்ச அதிர்வெண்ணை மட்டும் 200 ஆக்கிவிட்டு அடிப்படை அதிர்வெண்ணைத் தொடாமல் விட்டால் என்ன நடக்கும் என்று பாருங்கள். 50 ஹெர்ட்ஸில் 95 வோல்ட் தேவைப்படும் மோட்டாருக்கு 380 வோல்ட் போகிறது; இது தேவையைப் போல் நான்கு மடங்கு. இரும்பு அந்த அளவு காந்தப்புலத்தைத் தாங்காமல் நிறைவுற்றுவிடும். அதற்கு மேல் பாயும் மின்னோட்டம் எந்த வேலையும் செய்யாமல் காயிலைச் சூடாக்க மட்டுமே பயன்படும். நீங்கள் கேட்ட உறுமலும், டிரைவ் நின்றதும் இதனால்தான் இருக்க வேண்டும். புறப்படும் நேரத்தை 30 விநாடியாக நீட்டியது பழுதை மறைத்ததே தவிர நீக்கவில்லை; அந்த 30 விநாடியில் பெரும்பகுதி நேரம் மோட்டார்கள் மிகை காந்தப்புலத்தில் தவிக்கின்றன. பலகை வராதபோது இயந்திரத்தை நிறுத்தி, வந்ததும் மீண்டும் ஓட்டும் வழக்கம் உங்கள் பட்டறையில் இருந்தால், நாள் முழுவதும் இந்தத் தொல்லை திரும்பத் திரும்ப நிகழ்கிறது.

200 ஹெர்ட்ஸை எட்டிவிட்டால் ஈவு தானாகவே 1.9-க்கு வந்துவிடும். இயந்திரம் இத்தனை நாள் ஓடியதற்கு அதுவே காரணம். அதை 150 ஆக இறக்கியபோது 380-ஐ 150-ஆல் வகுத்து ஈவு 2.53 ஆனது, மூன்றில் ஒரு பங்கு கூடுதல். அந்த நிலையிலேயே மணிக்கணக்கில் ஓடினால் சூடு கூடத்தான் செய்யும்.

டிரைவ் ஏன் இதைக் கண்டுகொள்ளவில்லை என்று நீங்கள் கேட்கலாம். 3.7 கிலோவாட் டிரைவ் ஏறத்தாழ 8 முதல் 9 ஆம்பியர் வரை தரக்கூடியது. உங்கள் நான்கு மோட்டார்களும் சேர்ந்து முழுச் சுமையில் 6 ஆம்பியர் அளவுக்கு எடுக்கும். ஒரு 0.75 கிலோவாட் மோட்டார் தனக்குரிய 2 ஆம்பியருக்குப் பதிலாக 4 ஆம்பியர் எடுத்து எரிந்துகொண்டிருந்தாலும் டிரைவின் கணக்கில் அது வரம்புக்குள்தான் இருக்கும். ஆகவே பல மோட்டார்கள் ஒரே டிரைவில் ஓடும் இடத்தில் ஒவ்வொரு மோட்டாருக்கும் தனித்தனி ஓவர்லோடு ரிலே (மின்னோட்டம் மிகுந்தால் மோட்டாரை நிறுத்தும் கருவி) கட்டாயம் வேண்டும். இதைச் செலவு என்று கருதி விட்டுவிடுவதைப் பல பட்டறைகளில் பார்த்து வருந்தியிருக்கிறேன்.

டிரைவில் நீங்கள் பார்க்க வேண்டியவை: அடிப்படை அதிர்வெண் 200, உச்ச அதிர்வெண் 200, மோட்டார் மின்னழுத்தம் 380. நம் மின்வழங்கல் 415 வோல்ட் என்பதற்காக இங்கே 415 என்று வைத்துவிடக் கூடாது. கட்டுப்பாட்டு முறை, மின்னழுத்தத்தை அதிர்வெண்ணுக்கு ஏற்ப மாற்றும் வோல்ட்-ஹெர்ட்ஸ் முறையாகவே இருக்க வேண்டும். மோட்டாரின் தன்மையைக் கணக்கிட்டு இயக்கும் வெக்டர் முறை ஒரு டிரைவுக்கு ஒரு மோட்டார் உள்ள இடத்துக்கே உரியது, ஆகவே ஆட்டோ டியூனிங் (டிரைவ் மோட்டாரைத் தானே அளந்து கொள்வது) ஓட்ட வேண்டாம். டார்க் பூஸ்ட் (குறைந்த வேகத்தில் கூடுதல் மின்னழுத்தம் தரும் அமைப்பு) மிகக் குறைவாக இருக்கட்டும். கேரியர் அதிர்வெண்ணை (டிரைவ் தன் வெளியீட்டைத் துண்டு துண்டாக இணைத்துத் துண்டிக்கும் வேகம்) 8 கிலோஹெர்ட்ஸ் அளவில் வையுங்கள். 200 ஹெர்ட்ஸ் வெளியீட்டுக்கு 2 கிலோஹெர்ட்ஸ் போதாது. இவற்றைச் சரிசெய்த பிறகு 10 விநாடியில் ஓசையின்றிப் புறப்பட வேண்டும். மின்னோட்டத்தை அளக்கும்போது சாதாரண டாங் டெஸ்டர் (வயரைச் சுற்றிப் பிடித்து மின்னோட்டம் அளக்கும் கருவி) டிரைவின் வெளியீட்டில் தவறாகக் காட்டக்கூடும் என்பதால், அலைவடிவம் மாறினாலும் சரியாகக் காட்டும் ட்ரூ ஆர்எம்எஸ் வகையால் ஒவ்வொரு மோட்டாராக அளந்து பாருங்கள்.

மறுமொழி 2 (சென்னை, மரவேலை இயந்திரப் பராமரிப்பு)

முந்தைய நண்பர் சூட்டைப் பற்றிச் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். அலைக்கோடுகளுக்குக் காரணம் வேறாக இருக்க வாய்ப்பு மிகுதி. இரண்டையும் ஒன்றாகக் கட்டி ஒரே மருந்து தேட வேண்டாம். அந்தக் கோடுகளின் இடைவெளியை அளந்தாலே குறை எங்கே இருக்கிறது என்பதைப் பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

விளிம்பின் மேல் பென்சில் முனையைப் படுக்கவைத்து மெதுவாகத் தேய்த்தால் கோடுகள் தெளிவாகத் தெரியும். 50 மி.மீ. நீளத்தில் எத்தனை கோடுகள் என்று எண்ணுங்கள். பலகை நிமிடத்துக்கு 12,000 மி.மீ. நகர்கிறது, கட்டர் 150 ஹெர்ட்ஸில் 9,000 முறை சுற்றுகிறது. ஆகவே ஒரு சுற்றுக்கு 1.33 மி.மீ. நகர்வு. நான்கு பற்களும் சமமாக வெட்டினால் கோடுகளின் இடைவெளி அதில் நான்கில் ஒரு பங்கு, அதாவது 0.33 மி.மீ. அது கண்ணுக்குத் தெரியாது. இடைவெளி ஏறத்தாழ 1.33 மி.மீ. என்று வந்தால் நான்கு பற்களில் ஒன்று மட்டுமே கடைசித் தடத்தைப் பதிக்கிறது என்று பொருள். நூறு மி.மீ.க்கும் மேற்பட்ட இடைவெளியில் மேடு பள்ளம் வந்தால் மோட்டாரை விட்டுவிடுங்கள். பலகையின் பரப்பைத் தொட்டு உருளும் வழிகாட்டிச் சக்கரத்தில் பசை ஒட்டியிருக்கும். 60 மி.மீ. விட்டமுள்ள சக்கரம் ஒரு சுற்றுக்கு 188 மி.மீ. உருளும், அந்த இடைவெளியில்தான் தடமும் வரும்.

இடைவெளி ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், அலையின் ஆழம் இடைவெளியின் வர்க்கத்தைப் பொறுத்தது. இடைவெளியைத் தன்னாலேயே பெருக்கி, கட்டர் விட்டத்தின் நான்கு மடங்கால் வகுத்தால் ஆழம் கிடைக்கும். 70 மி.மீ. கட்டரில் 1.33 மி.மீ. இடைவெளிக்கு ஆழம் ஏறத்தாழ 6 மைக்ரான். நான்கு பற்களும் வெட்டும்போது அது 0.4 மைக்ரான்தான், பதினாறில் ஒரு பங்கு. ஸ்க்ரேப்பர் உள்ள இயந்திரத்தில் 6 மைக்ரான் அலையை அது சீவி எடுத்துவிடும். உங்களிடம் அது இல்லாததால், பளபளப்பான பட்டையில் வெளிச்சம் சாய்வாகப் படும்போது கோடுகள் முழுவதும் தெரிகின்றன.

ஒரு பல் மட்டும் வெட்டுவதற்குக் காரணங்கள் பல. சாணை பிடித்தபோது பற்களின் உயரம் சமமாக வராமல் போயிருக்கலாம். கட்டருக்கும் ஷாஃப்ட்டின் தோள்பட்டைக்கும் இடையில் துளி பசையோ தூளோ சிக்கியிருக்கலாம். ஷாஃப்ட் வளைந்திருக்கலாம். மற்றவற்றைவிட ஒரு பல் 0.01 மி.மீ. நீட்டி நின்றாலும் மற்ற மூன்றின் தடத்தையும் அது அழித்துவிடும். கட்டரைக் கழற்றிவிட்டு, மின்சாரத்தைத் துண்டித்து, ஷாஃப்ட்டின் மேல் டயல் கேஜை (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் அளவி) வைத்துக் கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். 0.01 மி.மீ.க்குள் இருந்தால் குறை கட்டரில். முள் அதற்கு மேல் அசைந்தால் மோட்டாரில். மேல், கீழ் கட்டர்களை இடம் மாற்றிப் பார்க்கலாமே என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். இரண்டும் எதிரெதிர்த் திசையில் சுற்றுபவை, பற்களின் முகம் வேறு.

கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி ஐயா. டிரைவில் அடிப்படை அதிர்வெண் 50 என்றுதான் இருந்தது. அதை 200 ஆக்கி, ஓடும் வேகத்தையும் 200-க்குக் கொண்டுவந்து, புறப்படும் நேரத்தை 10 விநாடியாகக் குறைத்தோம். உறுமல் அடியோடு நின்றுவிட்டது. ஒரு மணி நேரம் ஓட்டிய பிறகும் கீழ் மோட்டாரின் மேல் கையைத் தாராளமாக வைத்திருக்க முடிகிறது. மேல் மோட்டார் முன்பைவிட நன்றாகக் குளிர்ந்திருக்கிறது; ஆனாலும் கீழ் மோட்டாரைவிடச் சூடாகவே உள்ளது.

கோடுகளை எண்ணினோம். 150 ஹெர்ட்ஸில் ஓட்டிய பழைய பலகையில் 50 மி.மீ.க்கு 36, இப்போது 200 ஹெர்ட்ஸில் 48. மேல் ஓரத்தில் மட்டுமே கோடுகள் உள்ளன, கீழ் ஓரம் மழமழவென்று இருக்கிறது. டயல் கேஜ் மேல் மோட்டாரின் ஷாஃப்ட்டில் 0.05 மி.மீ. காட்டுகிறது. காயில் கட்டியவரிடம் கேட்டபோது, பேரிங்குகளையும் புதிதாகப் போட்டதாகவும் அவை ரப்பர் சீல் உள்ள 6204 என்றும் சொன்னார்.

மறுமொழி 3 (கோவை, மோட்டார் வைண்டிங் தொழில்)

தம்பிக்கு வணக்கம். 36 என்பது 48 ஆனதே போதுமான சான்று. வேகம் கூடிய அதே விகிதத்தில் கோடுகளும் கூடியிருக்கின்றன. கோடு சுற்றுக்கு ஒன்று விழுகிறது. கணக்குப்படி 50 வர வேண்டியது 48 ஆகக் குறைந்தது மோட்டாரின் சறுக்கலால் (சுழலும் காந்தப்புலத்தைவிட மோட்டார் சற்று மெதுவாகச் சுற்றுவதால்). இனி மேல் மோட்டாரைப் பற்றி மட்டும் பேசலாம்.

முதலில் பேரிங். 6204 அளவில் ரப்பர் சீல் உரசும் வகைக்கு வேக வரம்பு ஏறத்தாழ 10,000 ஆர்பிஎம். உங்கள் மோட்டார் 12,000 ஓடுகிறது. சீலின் உதடு உள்வளையத்தில் உரசி உரசி கிரீஸ் சூடாகி உருகிவிடும். மேல் மோட்டார் இன்னும் கூடுதலாகச் சூடாவதில் இதற்குப் பங்கு உண்டு. உரசாத இரும்பு மூடி கொண்ட இசட்இசட் வகைக்கு வரம்பு 15,000-க்கும் மேல் இருக்கிறது. அந்த வகையில், சி3 (குண்டுகளுக்குச் சற்றுக் கூடுதல்) இடைவெளி உள்ளதாக, அதிவேகத்துக்கான கிரீஸ் நிரப்பியதாகக் கேட்டு வாங்குங்கள். கடையில் கொடுப்பதை வாங்கிப் போடும் பழக்கம் சாதாரணத் தண்ணீர் மோட்டாருக்குச் சரிப்படும், இங்கே சரிப்படாது.

அடுத்து ஷாஃப்ட். 0.05 மி.மீ. ஓட்டத்துக்கு (மையம் விலகிச் சுற்றுவதற்கு) வாய்ப்பான காரணம், பழைய பேரிங்கைப் புல்லர் இல்லாமல் சுத்தியலால் தட்டிக் கழற்றியதுதான். ரோட்டாரை (ஷாஃப்ட்டுடன் சுழலும் பாகம்) வெளியே எடுத்து, பேரிங் உட்காரும் இரண்டு இடங்களையும் வி-பிளாக்கில் (வி வடிவப் பள்ளமுள்ள தாங்கி) வைத்து, கட்டர் மாட்டும் முனையில் மீண்டும் அளக்கச் சொல்லுங்கள். அங்கேயும் 0.05 வந்தால் ஷாஃப்ட் வளைந்திருக்கிறது; அங்கே சரியாக இருந்தால் பேரிங்கோ மோட்டாரின் பக்கமூடியோ சரியாக உட்காரவில்லை. வளைந்த ஷாஃப்ட்டை நிமிர்த்தி ஓட்டுவதை இந்த வேகத்தில் நான் ஏற்கமாட்டேன். எதைச் செய்தாலும் பிறகு ரோட்டாரை பேலன்ஸிங் பார்த்தே மாட்ட வேண்டும். 12,000 ஆர்பிஎம்மில் ஜி2.5 என்ற சமநிலைத் தரத்துக்கு அனுமதிக்கப்படும் எடைமைய விலகல் 2 மைக்ரான் மட்டுமே.

மூன்றாவது, எங்கள் தொழிலைச் சேர்ந்த செய்தி என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். எரிந்த காயிலை எடுப்பதற்கு ஸ்டேட்டரை நெருப்பில் காட்டும் வழக்கம் பல இடங்களில் உள்ளது. ஸ்டேட்டர் என்பது மெல்லிய இரும்புத் தகடுகளை, அதாவது ஸ்டாம்பிங்குகளை, ஒன்றுக்கொன்று மின்சாரம் கடக்காதவாறு பூச்சு பூசி அடுக்கியது. நெருப்பில் அந்தப் பூச்சு கருகிவிட்டால் தகடுகள் ஒன்றோடொன்று தொட்டு, உள்ளே சுழல் மின்னோட்டம் பாயத் தொடங்கும். அதனால் உண்டாகும் இழப்பு அதிர்வெண்ணின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 50 ஹெர்ட்ஸில் ஓடும் மோட்டாரில் பொறுத்துக்கொள்ளக்கூடிய குறை, காந்தப்புலம் அதே அளவில் இருந்தால், 200 ஹெர்ட்ஸில் பதினாறு மடங்காகிவிடும். காயில் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் அப்படிப்பட்ட ஸ்டேட்டர் சும்மா ஓடும்போதே சூடாகும். இதைக் கண்டறிவது எளிது. கட்டர் இல்லாமல் மேல், கீழ் இரண்டு 0.75 கிலோவாட் மோட்டார்களையும் 200 ஹெர்ட்ஸில் ஓட்டி, ஒவ்வொன்றும் எடுக்கும் மின்னோட்டத்தையும் அரை மணி நேரத்தில் ஏறும் சூட்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பேரிங் மாற்றிய பிறகும் மின்னோட்டம் சமமாக இருந்து மேல் மோட்டார் மட்டும் சூடேறினால் ஸ்டாம்பிங் கருகியிருக்கிறது; அந்த உடலில் மறுபடி காயில் கட்டுவது வீண் செலவு. மின்னோட்டமே வெகுவாகக் கூடியிருந்தால் காயிலில் கம்பிச் சுற்றுகளின் எண்ணிக்கை குறைந்திருக்கலாம், அல்லது மூன்று காயில்களையும் ஸ்டாருக்குப் (ஒரு முனையைப் பொதுவாக இணைப்பது) பதில் டெல்டாவாக (முக்கோணமாக) இணைத்திருக்கலாம். டெல்டாவாக இருந்தால் ஒவ்வொரு காயிலுக்கும் 1.73 மடங்கு மின்னழுத்தம் போகும். உங்கள் மோட்டார் முன்பைவிடக் குளிர்ந்திருப்பதால் இந்த இரண்டும் இருக்காது என்று நம்புகிறேன்.

காயில் கட்டிய மோட்டாரை மாட்டும்போது சுற்றும் திசையையும் பார்த்துக்கொள்ளுங்கள். வயர் முனைகள் மாறிப்போயிருந்தால் பல்லின் முதுகு பட்டையில் தேய்த்து, பிவிசியை வெட்டாமல் இளக்கும். அந்த மோட்டாருக்குப் போகும் மூன்று வயர்களில் இரண்டை மட்டும் மாற்றினால் போதும். டிரைவின் திசையை மாற்றினால் நான்கும் தலைகீழாகிவிடும்.

மறுமொழி 2 (சென்னை)

18,000 ஆர்பிஎம் பற்றிய கேள்விக்கு இன்னும் விடை சொல்லவில்லை. நிமிடத்துக்கு 12 மீட்டர் ஓடும் உங்கள் இயந்திரத்துக்கு அது தேவையில்லை. நான்கு பற்களும் வெட்டினால் 12,000 ஆர்பிஎம்மில் இடைவெளி 0.25 மி.மீ., அதுவே போதிய நேர்த்தி. வேகத்தை ஒன்றரை மடங்காக்கினாலும் ஒரு பல் மட்டும் வெட்டும் நிலை நீடித்தால் இடைவெளி 0.67 மி.மீ. ஆகும், கோடுகள் மங்குமே தவிர மறையா. பலகை நிமிடத்துக்கு 20 மீட்டருக்கு மேல் ஓடும் பெரிய இயந்திரங்களில்தான் 18,000 தன் பலனைக் காட்டும். 70 மி.மீ. கட்டரின் பல்முனை 12,000 ஆர்பிஎம்மில் விநாடிக்கு 44 மீட்டர் வேகத்தில் போகிறது. 18,000-இல் 66 மீட்டர். பலகை மெதுவாக நகரும் இயந்திரத்தில் அந்த வேகத்தில் பல் வெட்டுவதைவிடத் தேய்ப்பது மிகும். பிவிசி 80 டிகிரியை ஒட்டி இளகத் தொடங்குவதால் மழுங்கிய பல் அதை இழுத்து ஒட்டவைக்கும்.

புதிய மோட்டார் வாங்காமல், இப்போதுள்ள மோட்டார்களையே 300 ஹெர்ட்ஸுக்கு ஏற்றிப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து அனுமதிக்காதீர்கள். பேரிங், ரோட்டார், கட்டர் மூன்றும் 12,000-க்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. கட்டரின் உடலில் உச்ச வேகம் பொறிக்கப்பட்டிருக்கும். அதற்கு மேல் ஓட்டினால் கார்பைடு பல் பிய்ந்து பறக்கும் ஆபத்து உண்டு, பக்கத்தில் நிற்பவர் உங்கள் பட்டறைப் பையன்தான். இப்போதைக்கு பேரிங்கையும் ஷாஃப்ட்டையும் பாருங்கள். ஷாஃப்ட் வளைந்திருந்தாலோ ஸ்டாம்பிங் கருகியிருந்தாலோ, 380 வோல்ட், 200 ஹெர்ட்ஸ், 12,000 ஆர்பிஎம் என்ற அதே விவரத்துடன், ஷாஃப்ட் விட்டமும் அடிப்பகுதியின் போல்ட் இடைவெளியும் ஒத்த புதிய மோட்டார் ஒன்றை மேல் பக்கத்துக்கு மட்டும் வாங்கினால் போதும். தனித்தனி ஓவர்லோடு ரிலே நான்கையும் அதே வாரத்தில் போட்டுவிடுங்கள்.